ஒரு வெள்ளி போட்டால் அரசாங்கமும் ஒரு வெள்ளி போடுமா?

கேள்வி இதுதான். அறந்தாங்கிப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து வந்து சிங்கப்பூரில் இருக்கும் முப்பது குடும்பங்கள் சேர்ந்து, ஊர்ப் பள்ளிக்கு வகுப்பறை கட்ட 18,000 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர், திரட்டப் பார்க்கிறீர்கள். லண்டனில் இருக்கும் மைத்துனர், "இங்கெல்லாம் வெளிநாட்டு ஏழைகளுக்கு நாங்கள் ஒரு பவுண்டு கொடுத்தால் கவர்மெண்டும் ஒரு பவுண்டு போடும், உங்கள் ஊரில் கிடையாதா" என்று கேட்டுவிட்டார். அப்படி ஒன்று இங்கே உண்டா, இல்லையென்றால் ஏன் இல்லை, நாம் என்ன செய்யலாம் என்று கேட்கிறீர்கள்.

இங்கே இல்லை. ஆனால் மைத்துனர் சொன்னதை அப்படியே நம்பவும் வேண்டாம். கணக்கு வேலை பார்ப்பவன் நான், இரண்டு சங்கங்களுக்குப் பல வருடம் பொருளாளராகவும் இருந்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிரிட்டனில் இருக்கும் திட்டத்துக்குப் பெயர் யூகே எய்ட் மேட்ச். யார் எந்த அறநிறுவனத்துக்குக் கொடுத்தாலும் அரசாங்கம் ஈடாகப் போட்டுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. அறநிறுவனங்கள் முதலில் விண்ணப்பம் போட வேண்டும். எந்த நாட்டில், என்ன வேலை, எவ்வளவு செலவு என்று பார்த்து அரசாங்கம் சிலவற்றை மட்டும் தேர்ந்தெடுக்கும். தேர்வான நிறுவனம் குறிப்பிட்ட சில வாரங்களுக்கு வேண்டுகோள் விடும், அந்தக் காலத்துக்குள் தனிமனிதர்கள் கொடுத்த தொகைக்கு ஈடாக அரசாங்கம் பணம் தரும், அதிகபட்சம் 2 மில்லியன் பவுண்டு வரை. அந்தப் பணமும் முன்பே ஒப்புக்கொண்ட திட்டத்துக்குத்தான் போகும்.

இந்த உச்சவரம்பைச் சும்மா கடந்துவிடாதீர்கள். ஒரு வேண்டுகோள் எப்படியும் 3 மில்லியன் பவுண்டு திரட்டிவிடும் என்று வைத்துக்கொள்வோம். அரசாங்கம் 2 மில்லியனோடு நின்றுவிடும். அப்படியானால் உங்கள் மைத்துனர் போட்ட 50 பவுண்டுக்கு ஈடாக வந்தது எவ்வளவு? ஒன்றுமில்லை. அவர் போடாவிட்டாலும் அந்த 2 மில்லியன் முழுசாக வந்திருக்கும். விளம்பரத்தில் "உங்கள் 50 பவுண்டு 100 ஆகும்" என்றுதான் போட்டிருப்பார்கள், ஆனால் அவருடைய 50 பவுண்டால் எதுவும் இரட்டிக்கவில்லை.

இதைவிடப் பெரிய விஷயம், அரசாங்கம் போடும் அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்பது. பிரிட்டன் வெளிநாட்டு உதவிக்கு நாட்டு வருமானத்தில் இவ்வளவு சதவீதம் என்று ஒதுக்கி வைக்கும் நாடு. 2015-இல் 0.7% என்று சட்டமே போட்டார்கள், 2021-இல் 0.5% ஆக்கினார்கள், 2027-க்குள் 0.3% ஆகக் குறைக்கப்போவதாக 2025-இல் அறிவித்தார்கள். ஈடாகப் போடும் பணம் அந்த ஒதுக்கீட்டுக்குள்ளிருந்து எடுக்கப்படுவதுதான். மக்கள் நிறையக் கொடுத்தார்கள் என்பதற்காக ஒதுக்கீடு கூடுவதில்லை. மைத்துனர் ஒரு பவுண்டு போட்டதால் அரசாங்கத்தின் ஒரு பவுண்டு அவருக்குப் பிடித்த அறநிறுவனத்தின் பக்கம் திரும்பியது, அவ்வளவுதான். அவர் போடாமல் இருந்திருந்தால் அது வேறொரு ஏழை நாட்டில் வேறொரு வேலைக்குப் போயிருக்கும். அந்த வேறொரு வேலை இதைவிட நல்லதாகக்கூட இருந்திருக்கலாம், யார் கண்டது.

இப்படிச் சொன்னால் சிலருக்குக் கோபம் வருகிறது. நான் இதைத் தெரிந்துகொண்டது ஒரு அட்டையைப் பார்த்து.

பல வருடத்துக்கு முன் நான் வேலை பார்த்த இடத்தில், அண்டை நாடொன்றில் வெள்ளம் வந்தபோது, ஊழியர்கள் கொடுக்கும் ஒவ்வொரு வெள்ளிக்கும் நிறுவனம் ஒரு வெள்ளி போடும் என்று மின்னஞ்சல் வந்தது. மாடிக்கு மாடி டப்பா வைத்தார்கள். எங்கள் மாடி டப்பாவை நான்தான் பார்த்துக்கொண்டேன். டீ போட்டுத் தரும் ஆன்ட்டி கூட, இரண்டாகும் என்றால் இன்னும் கொஞ்சம் போடுகிறேன் என்று பர்ஸைத் திறந்து இன்னொரு பத்து வெள்ளித் தாளை மடித்துப் போட்டார். வெள்ளிக்கிழமை டப்பாவைத் திறப்பதாக ஏற்பாடு. புதன்கிழமை காகிதக் கட்டு எடுக்கச் சாமான் அறைக்குப் போனேன். படம் எடுப்பதற்காகப் பிடித்துக்கொண்டு நிற்பார்களே, கதவளவு பெரிய காசோலை அட்டை, அது சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. தொகை ஏற்கெனவே அச்சாகியிருந்தது: 20,000 வெள்ளி. வெள்ளிக்கிழமை எண்ணிப் பார்த்தபோது டப்பாக்களில் சேர்ந்தது 6,000 சொச்சம். படத்தில் 20,000 அப்படியே இருந்தது. யாரும் திருடவில்லை, அந்த நாட்டுக்குப் பணம் போய்ச் சேர்ந்தது, நல்ல காரியம்தான். ஆனால் நாங்கள் எவ்வளவு போட்டாலும் போடாவிட்டாலும் நிறுவனம் கொடுக்கப்போகும் தொகை முன்பே முடிவான ஒன்று. ஆன்ட்டியின் இரண்டாவது பத்து வெள்ளி எதையும் இரட்டிக்கவில்லை. அவரிடம் அதை இன்றுவரை சொல்லவில்லை.

அன்றிலிருந்து எந்த மேட்சிங் விளம்பரத்தைப் பார்த்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி, நான் கொடுக்காவிட்டால் அந்தப் பணம் என்ன ஆகும் என்பது.

இதற்கு நல்ல பதில் தரும் திட்டங்களும் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. 2010-இல் ஹெய்ட்டி நிலநடுக்கத்தின்போது கனடா அரசாங்கம் மக்கள் கொடுத்ததற்கு டாலருக்கு டாலர் போடுவதாக அறிவித்தது. மக்கள் கொடுத்தது 220 மில்லியன் கனடா டாலருக்கு மேல். முதலில் வைத்த 50 மில்லியன் டாலர் உச்சவரம்பைச் சில நாளிலேயே எடுத்துவிட்டதால் மக்கள் கொடுக்கக் கொடுக்க அரசாங்கத்தின் பங்கும் ஏறியது, அட்டையில் முன்பே அச்சடிக்க முடியாத வகை இது. ஆனால் அங்கேயும் அரசாங்கத்தின் பங்கு நீங்கள் கொடுத்த அதே அறநிறுவனத்துக்குப் போகவில்லை, ஹெய்ட்டிக்கென்று தனி நிதியில் போட்டு அரசாங்கமே பிரித்துக் கொடுத்தது. ஆஸ்திரேலியாவில் கணக்கே வேறு. அங்கீகாரம் பெற்ற தொண்டு அமைப்புகள் அரசாங்கம் தரும் ஒவ்வொரு 5 டாலருக்கும் குறைந்தது 1 டாலராவது மக்களிடம் திரட்டிக் காட்ட வேண்டும். மக்களைக் கொடுக்கத் தூண்டுவதைவிட, இந்த அமைப்புக்குப் பின்னால் ஆள் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை அது.

மேட்சிங் இருந்தால் மக்கள் உண்மையிலேயே கூடுதலாகக் கொடுக்கிறார்களா? இதை ஆராய்ந்திருக்கிறார்கள். டீன் கார்லன், ஜான் லிஸ்ட் என்ற இரண்டு பொருளியலாளர்கள் அமெரிக்காவில் 50,000 பேருக்குக் கடிதம் அனுப்பிப் பார்த்து 2007-இல் வெளியிட்டார்கள். ஈடாக ஒருவர் தருவார் என்று எழுதிய கடிதங்களில் வசூல் 19% கூடியது. ஆனால் ஒன்றுக்கு ஒன்று என்று எழுதினாலும், ஒன்றுக்கு மூன்று என்று எழுதினாலும் அதே விளைவுதான். கணக்குப் போட்டுக் கொடுப்பவர்களாக இருந்தால் ஒன்றுக்கு மூன்று என்றதும் பாய்ந்திருக்க வேண்டும், அப்படி நடக்கவில்லை.

இன்னொன்று ஜெர்மனியில், மியூனிக் ஓபராவுக்காக நடந்தது, 2011-இல் வெளிவந்தது, ஹக், ரசூல் என்ற இருவருடையது. 60,000 யூரோ தர ஒரு பெருங்கொடையாளர் முன்வந்திருந்தார். சிலருக்கு எழுதிய கடிதத்தில், ஒருவர் 60,000 கொடுத்துவிட்டார், நீங்களும் தாருங்கள் என்று மட்டும் இருந்தது. சிலருக்கு, நீங்கள் கொடுப்பதற்கு ஈடாக அவர் தருவார் என்று இருந்தது. கூடுதலாகக் கொடுத்தது யார் தெரியுமா? முதல் வகையினர். ஈடாகத் தருகிறார் என்று கேள்விப்பட்டவர்கள், அதுதான் அவர் போடுகிறாரே என்று தங்கள் கையைச் சற்றுச் சுருக்கிக்கொண்டார்கள். கல்யாண வீட்டில் மாமன் பெரிய மொய் எழுதிவிட்டால் மற்றவர்களும் கொஞ்சம் ஏற்றி எழுதுவார்கள் அல்லவா, அந்த மாதிரி மனசுதான் ஓபரா பார்ப்பவர்களுக்கும்.

சிங்கப்பூர் அரசாங்கம் வெளிநாட்டுப் பேரிடர்களில் செய்வது ஏறக்குறைய இந்த மொய் முறைதான். 2022-இல் இலங்கை நெருக்கடியின்போது சிங்கப்பூர்ச் செஞ்சிலுவைச் சங்கத்தின் நிதித் திரட்டுக்குத் தொடக்க நிதியாக 100,000 அமெரிக்க டாலர் கொடுத்தது. 2023-இல் காஸாவுக்குச் சங்கத்தின் வழியாக 300,000 வெள்ளி. முதலில் அரசாங்கம் ஒரு தொகை போடும், அதற்குமேல் மக்கள் போடுவார்கள், மக்கள் போட்டதற்கு ஈடு என்ற பேச்சு கிடையாது. ரொம்பச் சின்னத் தொகை என்று குறை சொல்பவர்கள் உண்டு, அதில் எனக்கும் ஓரளவு உடன்பாடுதான். ஆனால் முறையைப் பற்றி யாராவது குறை சொன்னால் மியூனிக் கதையைச் சொல்வேன்.

ஆனால் உள்நாட்டு நன்கொடை என்று வந்தால் நம் அரசாங்கம் மேட்சிங்கில் தாராளம். 2019-இல் நவீன சிங்கப்பூரின் இருநூறாண்டு நிறைவுக்கு 200 மில்லியன் வெள்ளி. 2025 வரவுசெலவுத் திட்டத்தில் எஸ்ஜி கிவ்ஸ் மானியம் 270 மில்லியன் வெள்ளி. இவை போக டோட் போர்டு என்ற அரசு வாரியம், அறநிறுவனங்கள் திரட்டுவதற்கு ஈடாகத் தருகிறது, 2020-இல் அதன் உச்சவரம்பை நிறுவனத்துக்கு 250,000 வெள்ளியாக உயர்த்தினார்கள். டோட் போர்டின் பணம் எங்கிருந்து வருகிறது என்று தெரியுமல்லவா, லாட்டரி நடத்தும் சிங்கப்பூர் பூல்ஸிலிருந்து. தேக்காவில் ஞாயிற்றுக்கிழமை ஃபோர் டி லாட்டரி எடுக்க வரிசையில் நிற்கும் நம் ஆட்கள்தான் நாட்டின் பெரிய இணைக்கொடையாளர்கள், அவர்களுக்குத்தான் ரசீது கிடையாது.

வரியிலும் அப்படித்தான். ஐபிசி தகுதி, அதாவது நன்கொடைக்கு வரிக்கழிவு தரும் தகுதி, உள்ள அமைப்புக்கு, உள்ளூர்க் காரியத்துக்கு 1,000 வெள்ளி கொடுத்தால் 250% கழிவு, அதாவது 2,500 வெள்ளியை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். 7% வரி கட்டும் நிலையில் இருப்பவருக்கு 175 வெள்ளி மிச்சம். வெளிநாட்டுக்கென்றால் ரொம்ப நாள் சைபர்தான். 2025 ஜனவரியிலிருந்து 2028 இறுதிவரை ஒரு முன்னோட்டத் திட்டம் வந்திருக்கிறது, வெளிநாட்டுப் பேரிடர் நிவாரணத்துக்குக் குறிப்பிட்ட அறநிறுவனங்கள் வழியாகக் கொடுத்தால் 100% கழிவு. அதே ஆளுக்கு அதே 1,000 வெள்ளியில் 70 வெள்ளி மிச்சம். கவனிக்க வேண்டியது, இது பேரிடருக்கு மட்டும். வறுமை பேரிடர் கணக்கில் வராது. உங்கள் வகுப்பறையும் வராது.

ஏன் இப்படி? என் புரிதலைச் சொல்கிறேன். சிங்கப்பூர் பணமாக உதவி கொடுக்கும் நாடாகத் தன்னை நினைத்துக்கொண்டதே இல்லை. 1992-இல் தொடங்கிய சிங்கப்பூர் ஒத்துழைப்புத் திட்டத்தில் மற்ற நாட்டு அதிகாரிகளைக் கூட்டிவந்து பயிற்சி கொடுக்கும், துறைமுகம் நடத்துவது எப்படி, தண்ணீர் நிர்வாகம் எப்படி என்று. பிரிட்டனைப் போல வருமானத்தில் இத்தனை சதவீதம் உதவிக்கு என்ற பெட்டியே இங்கே இல்லாதபோது, எந்தப் பெட்டியிலிருந்து ஈடு போடுவது? இரண்டாவது, இங்கே திரட்டும் பணம் இங்கே இருக்க வேண்டும் என்பது விதியாகவே எழுதப்பட்டிருக்கிறது. இதுதான் உங்களை நேரடியாகத் தொடும் இடம், கொஞ்சம் நின்று படியுங்கள்.

வெளிநாட்டு அறக்காரியத்துக்கு இங்கே பொதுமக்களிடம் நிதி திரட்டினால், இணையத்தில் திரட்டினாலும், அறநிறுவன ஆணையரிடம் அனுமதி வாங்க வேண்டும், தொடங்குவதற்கு 30 நாளுக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். செலவு போக மிஞ்சுவதில் 80% சிங்கப்பூருக்குள்தான் செலவாக வேண்டும். நீங்கள் ஒரு விருந்து நடத்தி 10,000 வெள்ளி திரட்டி, மண்டபம் சாப்பாடு என்று 1,000 போனால் மிச்சம் 9,000. அதில் 7,200 இங்கே எதற்காவது கொடுக்க வேண்டும். ஊருக்குப் போவது 1,800. பேரிடர் நிவாரணத்துக்கும், பொதுமக்களிடம் போகாமல் தங்கள் ஆட்களுக்குள்ளேயே திரட்டுவதற்கும் இந்த 80:20 விதியைத் தளர்த்துவதுண்டு. அதனால் முப்பது குடும்பங்களுக்குள் முடித்துக்கொள்ளுங்கள். ஃபேஸ்புக்கில் போஸ்டர் போடுவது, சிராங்கூன் ரோடு கடைகளில் டப்பா வைப்பது எல்லாம் வேண்டாம், போட்டீர்களானால் வேறு கணக்கு ஆகிவிடும். உள்ளுக்குள் திரட்டுவதானாலும் தொடங்குமுன் ஆணையர் அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.

சரி, இங்கே ஈடு கிடைக்காது. அங்கே? இதை யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். தமிழ்நாட்டில் நமக்கு நாமே திட்டம் என்று ஒன்று 1990-களிலிருந்து, ஆட்சி மாறும்போது பெயர் மாறி மாறி, வந்துகொண்டிருக்கிறது. ஊருக்குப் பொதுவான காரியத்துக்கு மக்கள் மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு போடும். லண்டன்காரருக்கு ஒன்றுக்கு ஒன்று, உங்களுக்கு ஒன்றுக்கு இரண்டு. 18,000 வெள்ளியை ஏறக்குறைய 12 லட்ச ரூபாய் என்று வைத்துக்கொண்டால், விதிப்படி 36 லட்ச ரூபாய் வேலைக்கு அது பொதுமக்கள் பங்காக நிற்கும். உங்கள் பள்ளி வகுப்பறை இந்த ஆண்டு அதில் வருமா, ஒதுக்கீடு மிச்சம் இருக்கிறதா என்பதை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில்தான் கேட்க வேண்டும், ஊரில் நடந்து திரிந்து கேட்க ஓர் ஆள் இல்லாமல் இது ஆகாது.

சாமான் அறைக் கேள்வியை இங்கேயும் கேட்க வேண்டும், நேர்மை என்று ஒன்று இருக்கிறது. நீங்கள் போடாவிட்டால் அந்த 24 லட்சம் என்ன ஆகும்? அநேகமாக மாவட்டத்தில் வேறொரு ஊருக்குப் போகும். மூன்றில் ஒரு பங்கு போட வசதி உள்ள ஊர், அதாவது சிங்கப்பூரிலோ துபாயிலோ பிள்ளைகள் இருக்கும் ஊர், அரசுப் பணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். யாரும் வெளியே போகாத, உண்மையிலேயே ஏழையான ஊர் வேடிக்கை பார்க்கும். மேட்சிங் என்பதன் பெரிய கோளாறு இதுதான் என்று நான் நினைக்கிறேன், பிரிட்டனாக இருந்தாலும் புதுக்கோட்டையாக இருந்தாலும் சரி. உங்கள் ஊர்ப் பள்ளியில் கூரை ஒழுகுகிறதென்றால் தாராளமாகச் செய்யுங்கள். நன்றாக இருக்கும் பள்ளிக்கு இன்னும் இரண்டு அறை என்றால், பக்கத்து ஊர்ப் பள்ளியையும் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள் என்பேன்.

கடைசியாக, பணத்தை அனுப்புவது. இங்கேதான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். வெளிநாட்டுப் பணம் வாங்கும் இந்திய அறக்கட்டளைக்கு எஃப்சிஆர்ஏ என்ற வெளிநாட்டு நிதிச் சட்டப்படி பதிவோ முன்அனுமதியோ இருக்க வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் முதலில் புதுடெல்லியில் பாராளுமன்றச் சாலையில் உள்ள ஸ்டேட் பாங்க் முதன்மைக் கிளைக் கணக்கில்தான் விழ வேண்டும். பதிவுள்ள ஓர் அறக்கட்டளை வாங்கி ஊர்ச் சங்கத்துக்குக் கைமாற்றிக் கொடுப்பதற்கும் தடை. "எங்கள் டிரஸ்ட் அக்கவுண்டில் போட்டுவிடுங்கள் அண்ணே, பார்த்துக்கொள்ளலாம்" என்று யாராவது சொன்னால் பதிவு எண்ணைக் கேளுங்கள்.

ஆனால் இந்தியக் குடிமகன் வெளிநாட்டில் சம்பாதித்த தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நிதியாகக் கருதப்படாது. வொர்க் பெர்மிட்டில் இருப்பவர், எஸ் பாஸில் இருப்பவர், இந்தியப் பாஸ்போர்ட்டோடு பிஆர், அதாவது நிரந்தரவாசி, ஆனவர் எல்லாரும் இதில் அடக்கம். சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கியவர், கையில் ஓசிஐ அட்டை (இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் அட்டை) இருந்தாலும், வெளிநாட்டவர்தான். முப்பது வருடமாக ஊர்த் திருவிழாவுக்கு முதல் ஆளாகப் போகிறேன் என்று அவர் சொன்னாலும் சட்டம் கேட்காது. ஆகவே எல்லாருடைய பணத்தையும் ஒரே கணக்கில் கலந்து ஒருவர் பெயரில் அனுப்பாதீர்கள், இது ரொம்ப முக்கியம். தொகையைப் பேசுமுன் முப்பது குடும்பங்களிடமும் யார் கையில் எந்தப் பாஸ்போர்ட் என்று கேட்டு ஒரு பட்டியல் போடுங்கள். சிங்கப்பூர்ப் பாஸ்போர்ட்காரர்கள் பங்கு எவ்வளவு வருகிறது என்று பார்த்துவிட்டு இங்கேயே எழுதுங்கள், அதற்கு மட்டும் பதிவுள்ள அமைப்பு வழியாகப் போவதா, வேண்டாமா என்று பேசலாம்.